அறுபத்துமூன்று கணக்கு, ஒரே மெயில்

1. யாருடைய கணக்கு?

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கடையின் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே பேங்கின் சின்னம். கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கேஒய்சி முழுமையாக இல்லை. இன்று மாலை ஆறு மணிக்குள் கீழே உள்ள லிங்கில் சரிசெய்யாவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.’ விஷயம் இவ்வளவுதான்.

வேறு ஒருவருக்கு இது வந்திருந்தால் தன் கணக்கைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். எனக்கு வந்ததால், யாருடைய கணக்கு என்றே தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூடு சந்திப்பில் பத்தொன்பது வருடமாக ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கும் கடைக்காரி நான். கரண்ட் பில், வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம், பேங்க் வேலை, எல்லாம் உண்டு. எந்தப் படிவத்திலும் மெயில் என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பான். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ரப்பர் வெட்டுகிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் மெயிலுக்கு எங்கே போவது? கடை மெயிலையே போட்டுவிடுவேன். பாஸ்வேர்டும் நானே போட்டு, ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். நான் மட்டும் அல்ல, எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகளில் இதுதான் வழக்கம். “உனக்க கையில இருந்தா பத்திரமாக்கும்” என்று ஆட்கள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைக்குக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

மெயில் வந்த நேரத்தில் கடையில் ஞானதாஸ் அண்ணன் இருந்தார். ரப்பர் வெட்டுத் தொழிலாளி. காலை வெட்டை முடித்துக் குளித்துவிட்டு, ஆதார் அட்டையைப் போட்டோஸ்டாட் எடுக்க வந்திருந்தார். அவர் மனைவி ரோஸ்லெட் காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை எண்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்காக வீட்டுக்குப் பின்னால் கிடந்த நான்கு சென்ட் நிலத்தை விற்றிருந்தார். அந்த இரண்டு லட்சத்து அறுபதாயிரம் அவர் கணக்கில் இருந்தது.

முந்தின வாரம்தான் கேஒய்சிக்காக அவர் கொடுத்த முகவரிக் காகிதத்தை பேங்க் திருப்பி அனுப்பியிருந்தது. ஆதாரில் இருப்பது தமிழ்நாட்டு முகவரி, ரோஸ்லெட்டின் பிறந்த வீட்டு முகவரி. குடியிருப்பதும் கரண்ட் பில்லும் கேரளத்தில். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான். கேஒய்சி என்ற சொல்லைப் பார்த்ததும், இது ஞானதாஸ் அண்ணன் கணக்குதான் என்று என் மூளை முடிவு செய்துவிட்டது.

இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. அந்த மெயிலை அனுப்பியவனுக்கு ஞானதாஸையும் தெரியாது, பனச்சமூட்டையும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு லட்சம் பேருக்கு அனுப்புகிறான். இத்தனை பேர் ஒரே மெயிலில் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் அது யாருக்காவது பொருந்தும். அவன் பொருத்தவில்லை. நான் பொருத்திக் கொடுத்தேன்.

“அண்ணே, உங்களுக்க கணக்க இன்னைக்குப் பூட்டப் போறானாம்,” என்றேன்.

“எந்தச் சவம்? நாளைக்கு ரூவா கெட்டணும் பிள்ளே!”

“வெப்ராளப்படாதீங்க. இப்பம் நான் சரியாக்கித் தாறேன்.”

2. பஸ் ஸ்டாப் வரை இரண்டு நடை

லிங்கை அமுக்கினேன். பேங்கின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. அதே நீலம், அதே எழுத்து. நோட்டைப் பார்த்து அவருடைய யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் அடித்தேன். ஓடிபி கேட்டது.

என் கடைக்குள் அவருடைய சிம்முக்கு ரேஞ்ச் கிடையாது. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனால்தான் மெசேஜ் விழும். அண்ணன் போனார். வரும்போது எண் மறந்துவிடும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். நான் கையைப் பார்த்து அடித்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘ஓடிபி காலாவதி ஆகிவிட்டது, புதிய ஓடிபியை அடிக்கவும்’ என்று வந்தது.

“இன்னொருக்கா போகணும் அண்ணே.”

“எலே, இது என்ன எளவு? நீ அந்தக் கம்ப்யூட்டரக் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புல வையி பிள்ளே. நான் அங்க இருந்துக்கிடுதேன்.”

கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் மறுபடியும் போய், மறு கையில் எழுதிக்கொண்டு வந்தார். அதையும் அடித்தேன். ‘நன்றி. உங்கள் கணக்கு பாதுகாக்கப்பட்டது’ என்று வந்தது.

முதல் ஓடிபி காலாவதி ஆகவே இல்லை. அது ஒரு வேலைக்கு, இரண்டாவது இன்னொரு வேலைக்கு. ‘புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்பப் பெயர் சேர்க்கிறீர்கள், அதற்கான எண் இது’ என்று முதல் மெசேஜில் இருந்தது. ‘இருபத்தையாயிரம் ரூபாய் அனுப்ப எண் இது, யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று இரண்டாவதில் இருந்தது. ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் போனை வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு மனுஷனின் உள்ளங்கையைப் பார்த்தேன்.

“பத்திரமாக்கியாச்சு அண்ணே. தைரியமா போங்க,” என்று சொல்லி முப்பது ரூபாய் கூலியும் வாங்கினேன். அவர் காரக்கோணம் பஸ் ஏறிப் போனார்.

3. இரண்டாவது மெயில்

பதினொன்றே கால் மணிக்கு அதே மெயில் பெட்டியில் இன்னொரு கடிதம். அதே பேங்க், அதே சின்னம், அதே ‘அன்புள்ள வாடிக்கையாளரே’. ‘4417 என்று முடியும் உங்கள் கணக்கில் பணம் பெற ஒரு புதிய பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. இதை நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே உங்கள் கிளைக்குத் தெரிவிக்கவும்.’

 இது எந்தக் கணக்கு? முதலில் வந்தது நிஜம் என்றால் இது என்ன? இது நிஜம் என்றால் முதலில் வந்தது என்ன?

வியாபாரிகள் சங்கத்தில் ஒரு தடவை வகுப்பு எடுத்தார்கள். பயமுறுத்தும் மெயில் வந்தால் அது கள்ள மெயில், தொடாதே என்றார்கள். இரண்டும் பயமுறுத்துகிறது. இரண்டும் உடனே செய் என்கிறது. பேங்க்காரனும் சின்னம் போட்டு அனுப்புகிறான், திருடனும் சின்னம் போட்டு அனுப்புகிறான். பேங்க்காரனும் என் பெயரை எழுதுவதில்லை, திருடனும் எழுதுவதில்லை. இதில் ஒரு கடைக்காரி எதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியில் வகுப்பில் சொன்னதை ஒழுங்காகப் பின்பற்றினேன். இரண்டாவது மெயிலைக் கள்ள மெயில் என்று தீர்மானித்து அழித்தேன். நிஜமான மெயில் அதுதான்.

வேலை ஓடவில்லை. ஒரு பையனின் பரீட்சை விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தப்பாக அடித்தேன். திட்டு வாங்கினேன்.  அழித்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிந்தது. இரண்டாவது மெயிலில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இருந்தது. முதல் மெயிலில் எந்த எண்ணும் இல்லை. ஆனால் என் நோட்டில் நான் யூசர் ஐடிதான் எழுதியிருந்தேன், கணக்கு எண் எழுதவில்லை. 4417 யார் என்று பார்க்க வழியில்லை.

ஞானதாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைந்து கிடந்தது. நான்கு தடவை போட்டேன். அதே பதில்.

பிறகுதான் நினைவு வந்தது. முந்தின வாரம் கேஒய்சிக்காக அவருடைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோஸ்டாட் எடுத்தபோது ஒன்று மங்கலாக விழுந்து, அதை ஒதுக்கிப் போட்டிருந்தேன். அப்படிக் கெட்டுப் போன தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குக் கூட்டுவேன். மேஜைக்கு அடியில் அந்தக் கட்டு முழுவதையும் தரையில் கொட்டித் தேடினேன். ஒரு பெண் வந்து, “சேச்சி, எலி செத்துப் போச்சா?” என்று கேட்டாள். தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்தது. மங்கலாக இருந்தாலும் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தது. 4417.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்துப் பாறசாலையில் இருக்கும் பேங்க் கிளைக்குப் போனேன். மணி மூன்றே கால்.

4. அரை நிமிடம்

மேனேஜர் முப்பது வயதுகூட ஆகாத பெண். நெய்யாற்றின்கரைக்காரி. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். என்னைத் தெரியும்.

“மேடம், ஞானதாஸ்னு ஒருத்தருக்க கணக்க உடனே நிறுத்தணும். ஆரோ உள்ள கேறியாச்சு.”

“அவரு எங்க சேச்சி?”

“ஆஸ்பத்திரியில உண்டு. போனு கிட்டல்ல.”

“கணக்குக்காரர் சொல்லாம நான் தொடப் பற்றாது. ஆரோ கேறியாச்சுன்னு நிங்களுக்கு எப்பிடி அறியும்? வேற ஆருக்காவது அவருக்க பாஸ்வேர்டு அறியுமா?”

 ஆம் என்றால் பத்தொன்பது வருடக் கடையின் பெயர் போகும். பேங்க் என்னைப் பற்றி எங்கே எழுதும், என்ன எழுதும் என்று தெரியாது. இல்லை என்றால் அவள் கணக்கைத் தொட மாட்டாள். ரோஸ்லெட்டின் ஆபரேஷன் பணம் முழுவதும் போகும். சரியான பதில் எது என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அரை நிமிடம் சும்மா நின்றேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்த அரை நிமிடத்துக்குத்தான் எனக்கு வெட்கம்.

“எனக்கு அறியும்,” என்றேன். “நான்தான் அடிச்சேன். கள்ள மெயிலுல அடிச்சேன். ஓடிபியும் நான்தான் அடிச்சேன்.”

அவள் கத்தவில்லை. கம்ப்யூட்டரில் தட்டினாள். கணக்கில் பதிந்திருந்த மெயிலைப் பார்த்தாள். அந்த மெயில் வேறு எதில் இருக்கிறது என்று தேடினாள். எண்ணினாள்.

“சேச்சி, இந்த மெயிலு இந்தக் கிளையில மட்டும் அறுபத்துமூணு கணக்குல கிடக்கு. நிங்க சேவைக் கடையா நடத்துறது, இல்ல எங்களுக்குப் போட்டியா ஒரு பேங்கா?”

 

ஐந்து நிமிடத்தில் நெட்பேங்கிங்கையும் கணக்கையும் நிறுத்தினாள். இருபத்தையாயிரம் போய்விட்டிருந்தது. புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் நாள் அதற்கு மேல் அனுப்ப முடியாது என்று ஒரு விதி இருந்ததாம். அதனால் மிச்சம் தப்பியது. மறுநாள் காலை கள்ளன் இன்னொரு ஓடிபி கேட்டிருந்தால் மிச்சமும் இருக்காது.

“அப்போ நாளைக்கு எண்பதாயிரம் எடுக்கலாம்லா மேடம்?”

“கணக்கு முடக்கியாச்சு சேச்சி. இனி ஏடிஎம்மும் ஓடாது. அவரு நேருல வரணும்.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கள்ள மெயில் என்ன சொன்னது? இன்று மாலை ஆறு மணிக்குள் கணக்கு முடங்கும் என்று சொன்னது. நான்கு மணிக்கே முடங்கிவிட்டது. முடக்கச் சொன்னது நான். கள்ளன் சொன்னது பலித்தது, நான் சொன்னது பலிக்கவில்லை. இதை எப்படி அந்த மனுஷனிடம் சொல்வது என்று தெரியாமல் காரக்கோணம் பஸ் ஏறினேன்.

5. வார்டில்

ரோஸ்லெட் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஞானதாஸ் அண்ணன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டிருந்தார். போன் சார்ஜ் தீர்ந்து கிடந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அண்ணன் பாயை விட்டு எழுந்தார்.

“பிள்ளே, காலையில கணக்கப் பூட்டப் போறான்னு சொன்னே. பெறவு பத்திரமாக்கியாச்சுன்னு சொன்னே. இப்பம் நீயே போய் பூட்டியாச்சுன்னு சொல்லுதே. இதுல எதுவாக்கும் நெசம்?”

“கடைசியில சொன்னதுதான் அண்ணே.”

“அது எனக்கு எப்பிடி அறியும்? நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவியா?”

அவர் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கள்ளனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்ததும் நான், பேங்குக்கு ஓடியதும் நான். அவருக்கு இரண்டும் ஒரே வாய்தான்.

ரோஸ்லெட் ஆரஞ்சைக் கீழே வைத்தாள். “ஓய், கொஞ்சம் சும்மா இரும்,” என்று அவரை அடக்கினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “கம்ப்யூட்டர் கதை எல்லாம் எனக்குச் சொல்லாண்டாம். ரூவா போச்சா, ஆபரேஷன் போச்சா? ஒண்ணச் சொல்லு.”

“இருபத்தஞ்சு போச்சு. மிச்சம் உண்டு. ஆனா நாளைக்கு அண்ணன் நேருல வந்தாத்தான் எடுக்கப் பற்றும்.”

“அப்போ வருவாரு. நீயும் கூடப் போ. அங்க மனசிலாகாத பாஷையில பேசினா நீ சொல்லிக் குடு. ஆனா அவருக்க பேனா உனக்க கையில வரக் கூடாது. கேட்டியா?”

“கேட்டேன்.”

“இன்னா, ஆரஞ்சு தின்னு. மூஞ்சியப் பாத்தா உனக்குத்தான் ஆபரேஷன்னு தோணுது.”

6. எந்த மாநிலம்?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு பேங்க் வாசலில் நின்றோம். முகவரிக் காகிதம் மறுபடியும் தொல்லை ஆகும் என்று பயந்தேன். கணக்கு தொடங்கியபோது கொடுத்த பழைய படிவத்தை மேனேஜர் தேடி எடுத்தாள். முகவரியைப் பிறகு பார்க்கலாம், போட்டோவும் கையெழுத்தும் ஒத்து வந்தால் போதும் என்றாள். அண்ணன் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். முதல் சீட்டில் கையெழுத்து ஒத்து வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் பேனாவைத் தொடவில்லை. மூன்றாவது சீட்டில் ஒத்து வந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பணம் கட்டினார். புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது.

போன இருபத்தையாயிரத்துக்கு ஆன்லைனில் புகார் கொடுத்தோம். முதல் கட்டமே ‘சம்பவம் நடந்த மாநிலம்’. நான் திகைத்துப் போனேன். ஓடிபி விழுந்த பஸ் ஸ்டாப் தமிழ்நாடு. அதை அடித்த என் கடை கேரளம். சிம் தமிழ்நாட்டில் வாங்கியது. பேங்க் கேரளத்தில்.

“ரூவா எந்த வழியா போச்சுன்னு அந்தக் கள்ளனுக்கே அறியாது. நீ எதையாவது போடு,” என்றார் அண்ணன்.

கேரளம் என்று போட்டேன். அந்தப் புகார் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இருபத்தையாயிரத்தை நான் கொடுத்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

7. சுவரைப் பார்த்து நின்றது

அறுபத்துமூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மெயில் போட்டுக் கொடுக்க மூன்று மாதம் ஆனது. பலர் சண்டை போட்டார்கள். “எனக்குக் கல்யாணக் கடுதாசியே வராது, மெயிலு எதுக்கு?” என்றார் ஒருவர். “நீ பைசா கூட்டி வாங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கே” என்றாள் ஒருத்தி. ஐந்து பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அங்கே அந்தக் கடை மெயிலைப் போட்டிருப்பார்கள். போகட்டும்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெயில் நிஜமா கள்ளமா என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். உங்களால் முடியாது, என்னால் இன்றும் முடியாது. முடியும் என்று நினைத்த அன்றுதான் நான் ஒரு நாளில் இரண்டு தடவை தப்பாகக் கண்டுபிடித்தேன். நிஜமோ கள்ளமோ, மெயிலில் இருக்கும் லிங்க் வழியாக எங்கும் போகாதீர்கள். அதில் இருக்கும் எண்ணுக்கும் கூப்பிடாதீர்கள். மெயிலை மூடிவிட்டு பேங்கின் ஆப்பைத் திறந்து பாருங்கள், அல்லது கிளைக்குப் போங்கள். நிஜமான விஷயம் என்றால் அங்கேயும் இருக்கும். ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். எதற்காக வந்த எண் என்று முழு மெசேஜையும் அந்த ஆளுக்கு வாசித்துச் சொல்லுங்கள். அடுத்தவரின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருந்தால் அது சேவை அல்ல. திருடனுக்கு நீங்கள் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து ரோஸ்லெட் கடைக்கு வந்தாள். தனியாக வந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எனக்க பேருல ஒரு மெயிலு போடு. அவரு மறந்து போவாரு. இனி கணக்கு காரியம் நான் பாத்துக்கிடுதேன்.”

பெயர், பிறந்த தேதி எல்லாம் அடித்தேன். பாஸ்வேர்டு கட்டம் வந்தது. கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன்.

“நீங்களே அடியுங்க.”

“எனக்கு இங்கிலீஷ் எழுத்து பைய பையத்தான் வரும்.”

“பைய அடியுங்க. நான் பாக்கல்ல.”

“பாக்கல்லன்னு சொன்னாப் போராது. அங்கோட்டுத் திரும்பி நில்லு.”

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு எழுத்து. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு எழுத்து. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கரண்ட் பில் கட்ட வந்த ஒருவர் வாசலில் இருந்து கேட்டார். “சேச்சி, இது என்ன பள்ளிக்கூட சிட்சை? வாத்தியாரு ஆரு?”

“நானாக்கும்,” என்றாள் ரோஸ்லெட். “நீரு வாயப் பொத்தும். எனக்கு எழுத்து தப்பிப் போவுது.”

கால் மணி நேரம் ஆனது. நான் திரும்பவில்லை.